தோலில் அரிப்பு, குடலில் பேச்சு

ஒவ்வாமைத் தோல் அழற்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கவனம் குடலின் மீதே திரும்புகிறது; உடலின் எதிர்ப்பாற்றல் மிகையாகச் செயல்படுவது இந்த நோயில் ஒரு பங்கு வகிக்க, குடல் பாக்டீரியாக்கள் அந்த எதிர்ப்பாற்றலோடு பேசுகின்றன. தாவரங்களில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்களில் ருட்டின் (குவெர்செட்டின் என்ற சேர்மத்தோடு சர்க்கரை இணைந்தது) போன்றவை சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைய, அங்குள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பிணைப்பை அறுத்துக் குவெர்செட்டினை விடுவித்து, அதையும் சிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைக்கின்றன. நார்ச்சத்தை நொதிக்கச் செய்து வேறு சில பாக்டீரியாக்கள் உருவாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம், எதிர்ப்பாற்றலின் மிகையைக் கட்டுப்படுத்தும் டி செல்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) பெருக உதவுவதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். ஆனால் எல்லோருடைய குடலும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, சோயாவில் உள்ள டெய்ட்ஸீன் என்ற சேர்மத்தை ஈக்வால் என்ற வேறொன்றாக மாற்றும் பாக்டீரியா பலரிடம் இல்லவே இல்லை. ஆய்வகக் கிண்ணத்தில் மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பாற்றல் செல்கள்) அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளியிடாமல் குவெர்செட்டின் தடுத்தது என்பதைக் காட்டி மாத்திரை விற்பவர்களை (விளம்பரங்களுக்குக் குறைவில்லை) நான் நம்பாததற்கு இதுவே காரணம்: அந்தக் கிண்ணத்தில் குடலும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. ஈரப்பதக் களிம்பும் மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புமே இன்றும் முதன்மைச் சிகிச்சை.