சாக்ஸைக் கழற்றத் தயங்கும் பிள்ளைகள்

ஜூன் 10, திங்கள்

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகளுக்கு முகத்தைப் பற்றி மட்டுமில்லை, காலைப் பற்றியும் கவலை வருகிறது. விளையாட்டு ஆசிரியைக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடும். வெறுங்காலில் பயிற்சி என்றால் சாக்ஸைக் கழற்றத் தயங்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து வந்தாள். "மிஸ், என் நாலாவது விரல் மூணாவதுக்கு அடியில போகுது. வளர வளர இன்னும் கோணலாயிடுமா?" இரண்டு காலிலும் ஒரே மாதிரி சுருண்டிருந்தது. கையால் பிடித்து நீட்டினால் நேராக வந்தது. வலி இல்லை. அவள் அப்பாவுக்கும் அப்படித்தானாம்.

விரலை மடக்கும் தசைநாண் பிறவியிலேயே சற்று இறுக்கமாக இருப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். குடும்பத்தில் தொடர்ந்து வரும். 3, 4, 5ஆம் விரல்களில்தான் அதிகம். இரவில் டேப் சுற்றிக்கொண்டு படுக்கலாமா என்று கேட்டாள். சுற்றியிருக்கும்வரை நேராக இருக்கும், எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். விரல் நுனியில் தோல் தடித்து வலித்தாலோ, நகம் கீழே அழுந்திப் புண்ணானாலோ தசைநாணைத் தளர்த்தும் சின்ன அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அவளுக்கு அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. ஓடுகிறாள், தாண்டுகிறாள். அந்த விரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 13, வியாழன்

எட்டாம் வகுப்பை வெறுங்காலோடு காகிதத்தில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிக் கோடு வரையச் சொன்னேன். அப்புறம் அவரவர் ஷூவை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள். பலருக்குக் கோடு ஷூவுக்கு வெளியே நின்றது, முக்கியமாக முன்பக்கம், சுண்டுவிரல் ஓரத்தில்.

உடம்பு உயர்வதற்கு முன்பே பாதம் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். பெண்களுக்கு 13, 14 வயதிலும் ஆண்களுக்கு 15, 16 வயதிலும் பெரும்பாலும் முழு அளவை எட்டிவிடுகிறது. இந்த வேகத்துக்கு ஷூ ஈடுகொடுப்பதில்லை. "இன்னும் கிழியலையே" என்று வீட்டில் சொல்வார்கள், பிள்ளை உள்ளே விரலை மடக்கிக்கொண்டு நடக்கும். பிறவிக் கோணலைவிட எனக்குக் கோபம் வருவது இந்தக் கோணல் மேல்தான். நாம் கவனித்திருந்தால் இது வராது.

நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஷூ வாங்கும்போது நின்றபடி அளக்கவேண்டும், அதுவும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில். இரண்டு காலும் சமமாக இருக்காது, பெரிய காலுக்கே வாங்கவேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் வேண்டும். சிலருக்கு அந்த நீளமான விரல் கட்டைவிரலாக இல்லாமல் இரண்டாவது விரலாக இருக்கும். அது நோயில்லை, பழைய கிரேக்கச் சிலைகளில்கூடப் பார்க்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

மழை, மைதானம் இல்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் என்று வகுப்பில் படம் வரைந்தேன். கட்டைவிரலில் இரண்டு, மற்ற விரல்களில் மும்மூன்று. சுண்டுவிரலில் இரண்டே எலும்புகள் உள்ளவர்களும் நிறையப் பேர் என்றதும், குட்டிச் சுண்டுவிரல்காரப் பையன் ஒருவனின் முகம் மலர்ந்துவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வந்திருந்தார். மகளின் கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அடிமூட்டு வெளியே புடைத்திருக்கிறது. அவருக்கும் அவர் அம்மாவுக்கும் அதே புடைப்புதானாம். "என்னால தான வந்துச்சு?" என்று கண் கலங்கினார். பாத அமைப்பு பரம்பரையாக வருவது, அதில் யார் தப்பும் இல்லை என்றேன். முனை குறுகிய செருப்பும் ஹீல்ஸும் அதை மோசமாக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். விரல் இடுக்கில் வைக்கும் சிலிக்கான் துண்டு உரசலைக் குறைக்கும், எலும்பை நேராக்காது. அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படவேண்டாம் என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார். வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் முனைப் பகுதிகள்) மூடும் முன்பு செய்தால் விரல் திரும்பச் சாய வாய்ப்பு அதிகம்.

ஜூலை 4, வியாழன்

இன்று பார்த்த கால் அப்படி விட்டுவிடக் கூடியதில்லை.

புதிதாகச் சேர்ந்த பையன். அடிக்கடி கணுக்கால் பிசகுகிறது. பாத வளைவு மிகவும் உயர்ந்திருக்கிறது, விரல்கள் எல்லாம் நகம்போல் மடங்கி விறைத்திருக்கின்றன. போன வருடம் இவ்வளவு இல்லை என்கிறான். குதிகாலில் நடக்கச் சொன்னேன், முன்பாதத்தைத் தூக்கவே முடியவில்லை.

கோணல் எப்படித் தெரிகிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலிக்கிறதா, விறைப்பா, கூடிக்கொண்டே போகிறதா, ஒரு காலில் மட்டுமா என்றுதான் கேட்பேன். ஒரு காலில் மட்டும் வளைவு உயர்ந்துகொண்டே போனால் முதுகுத்தண்டைப் பார்க்கவேண்டும். இவனுக்கு இரண்டு காலிலும் இருக்கிறது. 1886இல் சார்கோ, மாரி, டூத் என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்த நரம்பு நோய் ஒன்று, பாதத்தின் சிறு தசைகளைத் தளரவைத்து இப்படித்தான் விரல்களை மடக்கும். அந்தப் பெயரை நான் வீட்டில் சொல்லவில்லை, அது மருத்துவர் சொல்லவேண்டியது. "சார், எலும்பு டாக்டரோட நிறுத்திடாதீங்க, நரம்பு டாக்டரையும் பாருங்க" என்று அவன் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

நரம்புப் பரிசோதனை முடிந்துவிட்டது. நரம்பில்தான் குறை. குணமாக்கும் மருந்து இல்லை, ஆனால் பயிற்சியும் கணுக்கால் பட்டையும் நன்றாக உதவும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிசியோதெரபி தொடங்கியாயிற்று. நீச்சல் நல்லது என்று மருத்துவரே சொன்னாராம். கால்பந்து அணியிலிருந்து எடுத்துவிடுவீர்களா என்று பையன் கேட்டான். பெயர் அணியிலேயே இருக்கும், எந்தப் பயிற்சி செய்யலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் எழுதி வாங்கி வா, அதன்படி உனக்குத் தனி அட்டவணை போடுகிறேன் என்றேன். நாளை கொண்டுவருகிறான்.