புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் மெயின்த்ரெட் எண்ணைப் பாருங்கள்

ஃப்ளைட் சிமுலேட்டர் திணற ஆரம்பித்தால் முதல் சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும். மற்ற கேம்களில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிமுலேட்டரில் அப்படி நம்பிப் பணத்தைப் போட்டுவிட்டு, அதே விமான நிலையத்தில் அதே 30 எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம்) பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். வாங்குவதற்கு முன்பே எவ்வளவு கூடும் என்று ஓரளவு துல்லியமாகக் கணக்குப் போட்டுவிட முடியும். அரை மணி நேர வேலை, செலவு எதுவும் இல்லை.

ஒரு ஃப்ரேம் திரைக்கு வர இரண்டு வேலை நடக்க வேண்டும். விமானம் எப்படி நகர்கிறது, காக்பிட் திரைகளில் என்ன தெரிய வேண்டும், கண்ணுக்கு எட்டும் நிலப்பரப்பை எந்த நுணுக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் ப்ராசசர் கணக்கிடும். இதில் முக்கியப் பங்கைச் செய்யும் ஒற்றை வேலைச்சரடுதான் (த்ரெட்) மெயின்த்ரெட். அந்தக் கணக்கை வைத்து ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டின் சிப், படத்தை வரையும். ஜிபியு ஒரு ஃப்ரேமை வரையும்போதே ப்ராசசர் அடுத்ததைத் தயார்செய்யும். எனவே இரண்டில் எது மெதுவோ அதன் நேரம்தான் உங்கள் எஃப்பிஎஸ்ஸைத் தீர்மானிக்கிறது. வேகமாக இருப்பதை இன்னும் வேகமாக்கினால் அது சும்மா காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் இந்த இரண்டு நேரத்தையும் கண்ணால் பார்க்கலாம். ஜெனரல் ஆப்ஷன்ஸுக்குள் டெவலப்பர்ஸ் பக்கம் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். மேலே ஒரு மெனுப் பட்டை வரும். அதில் ஆப்ஷன்ஸ், பிறகு டிஸ்ப்ளே எஃப்பிஎஸ். மூலையில் ஒரு பெட்டி திறக்கும். 2024 பதிப்பிலும் இந்தப் பெட்டி உண்டு. அதில் 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' என்றோ 'லிமிடெட் பை ஜிபியு' என்றோ எழுதியிருக்கும். கீழே மெயின்த்ரெட், ஜிபியு இரண்டும் ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை மில்லிசெகண்ட் எடுக்கின்றன என்றும் தெரியும். பார்ப்பதற்கு முன் வி-சிங்க்கையும் (மானிட்டரின் வேகத்துக்கு ஃப்ரேம்களை ஒத்திசைப்பது) ஃப்ரேம் லிமிட்டையும் அணைத்துவிடுங்கள். அவை இருந்தால் இரண்டு பக்கமும் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், எண்கள் பொய் சொல்லும்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு 35 சதவீதம்தான் ஓடுகிறது, அதனால் ப்ராசசரில் குறையில்லை என்று முடிவு கட்டுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. சிமுலேட்டரின் முக்கியக் கணக்கு ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறது. ரைசன் 5 3600-இல் 12 த்ரெட்கள். அதில் ஒன்று மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். கோர் எண்ணிக்கை கூடுதலாக உள்ள ப்ராசசருக்குப் போனாலும் பெரிய பலன் இல்லாததற்கு இதுவே காரணம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ரைசன் 5 3600, ஆர்டிஎக்ஸ் 3060, 1440பி மானிட்டர். நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில், கேட்டில் நிற்கும் ஏ320-இல் மெயின்த்ரெட் 31 மில்லிசெகண்ட், ஜிபியு 19 மில்லிசெகண்ட் காட்டுகிறது. 1000-ஐ 31-ஆல் வகுத்தால் 32 எஃப்பிஎஸ். இந்த இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த ஜிபியுவைப் போட்டாலும் 32 அப்படியே 32. ப்ராசசரை மாற்றி மெயின்த்ரெட்டை 20-க்குக் கொண்டுவந்தால் 50 கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு நல்ல ப்ராசசர் போட்டாலும் 52-க்கு மேல் ஏறாது, ஏனென்றால் அங்கே ஜிபியுவின் 19 வந்து குறுக்கே நிற்கும். அதே கணினியில் அதே விமானம் 30,000 அடியில் கடல் மேல் பறக்கும்போது மெயின்த்ரெட் 13-க்கு இறங்கிவிட்டால், இப்போது ஜிபியுதான் தடை. ஆகவே 'என் கணினியில் எது தடை' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்களுக்கு எரிச்சல் தருவது எந்தக் கட்டம் என்று பார்க்க வேண்டும். பெரிய விமான நிலையத்தில் தரையிறங்கும்போது திணறுவதுதான் தொல்லை என்றால் அந்த இடத்து எண்கள் மட்டுமே முடிவு செய்யட்டும்.

பெட்டியை நம்பாதவர்களுக்கு இன்னொரு சோதனை. ரெண்டர் ஸ்கேலிங்கை (படத்தை எத்தனை சதவீத ரெசல்யூஷனில் வரைவது) 100-இலிருந்து 50-க்கு இறக்குங்கள். ஆன்டி-அலியாசிங் (விளிம்புகளை மென்மையாக்கும் செட்டிங்) டிஏஏ-யில் இருந்தால்தான் அந்த ஸ்லைடர் அசையும். டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) வைத்திருந்தால் குவாலிட்டியிலிருந்து அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். படம் மங்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். எஃப்பிஎஸ் எவ்வளவுக்கு ஏறுகிறதோ, மிக வேகமான ஜிபியு போட்டால் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 32 என்பது 33 ஆனால் கார்டு வாங்கும் யோசனையைத் தள்ளிவைக்கலாம். ப்ராசசர் பக்கம் இவ்வளவு சுத்தமான சோதனை கிடையாது. டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயிலை (நிலப்பரப்பின் நுணுக்கம்) 200-இலிருந்து 100-க்கு இறக்கி, விமானப் போக்குவரத்தை அணைத்து, ஏ320-க்குப் பதில் முள் காட்டும் மீட்டர்கள் உள்ள செஸ்னா 152-ஐ அதே கேட்டில் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மெயின்த்ரெட் எத்தனை மில்லிசெகண்ட் குறைகிறது என்று குறித்துக்கொண்டால் சுமை எங்கே என்று தெரியும். விமானத்தை மாற்றியதுமே பெரிய அளவில் குறைந்தால், குற்றவாளி நிலப்பரப்பு இல்லை, அந்த ஏர்லைனரின் காக்பிட் கணினிகள்.

அளக்கும்போது நிலைமையை மாற்றாமல் வைப்பதுதான் கடினம். லைவ் வெதரும் லைவ் டிராஃபிக்கும் இருந்தால் காலையில் எடுத்த எண்ணை மாலை எண்ணோடு ஒப்பிடவே முடியாது. வானிலையை ஃப்யூ கிளவுட்ஸ் ப்ரீசெட்டில் வையுங்கள், நேரத்தைப் பகல் 12-க்கு நிறுத்துங்கள், மல்டிபிளேயரையும் அணைத்துவிடுங்கள். ஏற்றி முடித்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள், பின்னணியில் இன்னும் படங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாவது முறை பாதித் தகவல் ரோலிங் கேஷிலிருந்து (முன்பு இறங்கிய தகவலை வட்டில் சேமிக்கும் இடம்) வருவதால் அது மென்மையாக ஓடும், அதை அப்கிரேடின் பலன் என்று நினைத்துவிடக்கூடாது. கேப்ஃப்ரேம்எக்ஸ் எஃப்பிஎஸ்ஸைப் பதிவுசெய்யும் இலவச மென்பொருள். அதில் 60 செகண்ட் வீதம் மூன்று முறை பதிவுசெய்து நடு எண்ணை எடுங்கள். சராசரியை விட '1 சதவீத லோ', அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம், முக்கியம். கண்ணுக்குத் தெரியும் வெட்டு வெட்டான ஓட்டம் அதில்தான் பதிவாகும்.

பணம் போடும் முன் இலவசமாகச் சரிசெய்யக்கூடியவற்றை முடித்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கம். 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் அங்கே 2133 அல்லது 2400 காட்டினால், பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங், ஆன் ஆகவில்லை. ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தாலும், இரண்டு குச்சிகள் தப்பான இடத்தில் செருகியிருந்தாலும் மெயின்த்ரெட் அடிவாங்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாக ப்ராசசரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும்தான் ஜோடி. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ப்ராசசரின் வெப்பத்தையும் கிளாக்கையும் பாருங்கள். பறக்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கிளாக் சரிந்தால் கூலரில் தூசி அடைத்திருக்கலாம், பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

மெயின்த்ரெட்தான் தடை என்று உறுதியானால், ஏஎம்4 (ஏஎம்டியின் பழைய ப்ராசசர் சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: ரைசன் 7 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி. காரணம் கேஷ், அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். சிமுலேட்டர் சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் தேடி எடுக்கும் மென்பொருள். கேஷில் இல்லையென்றால் ரேம் வரை போய்வர வேண்டும், அதற்குப் பல மடங்கு நேரம். 3600-இல் 32 எம்பி எல்3 கேஷ் இருந்தாலும் அது 16, 16 என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எக்ஸ்3டி-யில் 96 எம்பி, ஒரே தொகுதியாக. போர்டையும் ரேமையும் மாற்றாமல் இவ்வளவு கிடைப்பது அபூர்வம். புதிதாகக் கட்டுபவர்கள் ஏஎம்5-இல் 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி பார்க்கலாம்.

விரேம் (கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்) நிரம்புவது தனிக் கதை. 8 ஜிபி கார்டில் புறப்படும்போது நன்றாக ஓடி, மன்ஹாட்டன் மேல் வந்ததும் திடீரென்று 10 எஃப்பிஎஸ்ஸுக்கு விழுந்து எழவே மாட்டேன் என்கிறதா? டெக்ஸ்சர் ரெசல்யூஷனை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு மாற்றுங்கள். உடனே சரியானால் விரேம்தான். இந்த ஒரு நிலையில், ஜிபியு நேரம் குறைவாகத் தெரிந்தாலும் கூடுதல் விரேம் உள்ள கார்டு நியாயமான செலவு. சாதா ரேமைப் பொறுத்தவரை 16-இலிருந்து 32 ஜிபிக்குப் போனால் திக்கல் குறையும், சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது. எஸ்எஸ்டி மாற்றினால் லோடிங் நேரம் குறையும், அவ்வளவுதான்.

ஃப்ரேம் ஜெனரேஷனை (இடையிடையே செயற்கை ஃப்ரேம்களைச் செருகும் வசதி) ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். 30 என்பது 60 ஆகத் தெரியும், ஆனால் பெட்டியில் மெயின்த்ரெட் 31 மில்லிசெகண்டிலேயே நிற்கும். ஸ்டிக்கை அசைத்தால் விமானம் பதில் சொல்லும் வேகம் கூடாது. மென்மையாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். டிஎல்எஸ்எஸ்ஸையும் சேர்த்துப் போடுபவர்கள், ஏறும்போது உயரம் காட்டும் பட்டையில் ஓடும் இலக்கங்களைக் கவனியுங்கள். ஒன்றின் மேல் ஒன்று இழுபட்டுப் படிக்க முடியாமல் போகும். வாங்கும் முன் அது உங்களுக்குப் பொறுக்குமா என்று பாருங்கள்.

இன்னொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12-இல் செட்டிங்ஸில் டேட்டா அவுட்புட் போய் ஃப்ரேம் ரேட் வரியைத் திரையில் காட்டச் சொன்னால் சிபியு நேரமும் ஜிபியு நேரமும் தனித்தனியே தெரியும். கணக்கு அதேதான். அங்கே எஃப்பிஎஸ் சுமார் 20-க்குக் கீழே போனால் சிமுலேட்டர் நேரத்தையே மெதுவாக்கிவிடும். அதனால் அங்கே குறைந்தபட்ச எண் இன்னும் முக்கியம்.

ப்ராசசர் மாற்ற முடிவெடுத்துவிட்டால், பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். பழைய பயாஸ் புதியதை அடையாளம் காணாமல் திரை கறுப்பாகவே நிற்கும். விண்டோஸில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் குறியாக்கம்) ஆன் ஆகியிருந்தால் ரிகவரி கீயை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள், ப்ராசசர் மாறியதும் அதைக் கேட்கும். 5800எக்ஸ்3டி பெட்டிக்குள் கூலர் வராது, அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டு மாற்றுபவர்கள் பவர் சப்ளையின் வாட்டைப் பாருங்கள்; ஆர்டிஎக்ஸ் 4070-க்கு என்விடியா சொல்வது 650 வாட். பொருத்திய பிறகு எக்ஸ்எம்பி மறுபடி அணைந்திருக்கலாம், பார்த்து ஆன் செய்துவிட்டு, பழைய செட்டிங்கை ஒரு ஸ்லைடர்கூட மாற்றாமல் அதே கேட்டில் அதே மூன்று ஓட்டங்களை எடுங்கள்.