கச்சாயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருக்கும் என் மகளுக்கு, எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் வழக்கங்களையே இந்த வாரப் பாடமாக வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் செய்வதைச் சொல்ல எளிய நிகழ்காலமே போதும் என்பதால், ‘வீ மேக் எ கிரிப்’ (நாங்கள் குடில் அமைக்கிறோம்) என்று தானாகவே எழுதிவிட்டாள். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியில் அமைத்த குடிலின் வழிவந்த வழக்கம் அது என்றதும் வியந்துபோனாள்.

அடுப்படியில் அவளுடைய அமுச்சி (தாய்வழிப் பாட்டி), ஊறவைத்து அரைத்த அரிசியில் வெல்லமும் ஏலக்காயும் கலந்து, கரண்டியால் எண்ணெயில் ஊற்ற, கச்சாயம் ஓரம் சிவந்து உப்பி எழுந்தது. அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டாள். கச்சாயம் என்றே எழுதச் சொன்னேன். பாடநூலின் பனியையும் வான்கோழியையும்விட, கண்முன் இருப்பதைச் சொல்லும்போதுதான் குழந்தைக்கு நாக்குத் தடுமாறுவதில்லை. கோவை பெரியகடை வீதி புனித மிக்கேல் பேராலயத்தின் நள்ளிரவுத் திருப்பலி நாளைய பாடம்.