எலிக்கு வேலை செய்த சூடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் செம்பனை மரத்தடியில் நின்றாலே உடம்பு கொதிக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரன், உடம்புக்குள்ளே சூட்டைக் கிளப்பிக் கொழுப்பை எரிக்கும் மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கினேன். என் மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

தோட்ட ஆபீசில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். வயது 52, எடை 96 கிலோ, இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து ஆறு வருடம். போன வருடம் அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4 சதவீதம் என்று வந்தது. டாக்டர் நான் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைக் கூட்டிக் கொடுத்து, அடுத்த முறையும் இறங்கவில்லை என்றால் இன்சுலின் என்றார். ஊசி என்றால் எனக்கு நடுக்கம். வீட்டில் புலம்பியது மச்சினன் காதில் விழுந்துவிட்டது.

"ஊசியெல்லாம் எதுக்கு மச்சான்? எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க, இனிப்பு நீரே போயிடுச்சாம்!"

அவர் சொன்ன மாத்திரைக்கு 120 வெள்ளி. நான்காம் நாள் பார்சல் வந்தது. உள்ளே அறுபது மஞ்சள் கேப்சூல்கள்.

கணக்கு ஒத்துவராமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் விழுங்கும் முன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று ராத்திரி படித்தேன். எலி விஷயம் பொய்யில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, நம் செண்டரோ அணை மாதிரி, புரோட்டான் என்னும் துகள்களை ஒரு பக்கம் தேக்கி, அவை திரும்பப் பாயும் வேகத்தில் உடம்புக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்குகிறது. இந்த வகை மருந்து அணையில் ஓட்டை போடுகிறது. தேக்கியது வெறும் சூடாக வழிந்து போக, ஈடுகட்ட உடம்பு இன்னும் கொழுப்பை எரிக்கிறது. 2015இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர், இந்த வகை மருந்து ஒன்றை மெதுவாக வெளிவிடும்படி மாற்றி எலிகளுக்குக் கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தன. 2019இல் குரங்குகளிலும் கல்லீரல் கொழுப்பு குறைந்தது.

சரி, அப்புறம் என்ன தயக்கம் என்று மச்சினன் கேட்டார். அவர்கள் மாற்றிக் கொடுத்த மூல மருந்தின் கதைதான் தயக்கம். அதன் பெயர் டைநைட்ரோஃபீனால், மஞ்சள் தூள். முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் அதோடு புழங்கிய தொழிலாளிகள் மெலிந்தார்கள், காய்ச்சல் கண்டார்கள், சிலர் செத்தும் போனார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டெய்ன்டர், கட்டிங் என்ற ஆய்வாளர்கள் அதையே எடைக்குறைப்பு மருந்தாக்க, சுமார் ஒரு லட்சம் பேர் சாப்பிட்டதாகக் கணக்கு. கண்புரை வந்தது, மரணங்களும் நடந்தன. 1938இல் அமெரிக்காவில் அதை மனிதருக்கு ஆகாதது என்று ஒதுக்கினார்கள். வேலை செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். அளவு மீறினால் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும், முறிக்க மாற்று மருந்து கிடையாது. யேல்காரர்கள் இத்தனை பாடுபட்டதே அந்த இடைவெளியை அகலமாக்கத்தான். என் பார்சலில் இருப்பதற்கு அந்த இடைவெளியை யார் அகலமாக்கினார்கள்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது, எனக்கு அதுதான் ரொம்பச் சுவாரசியம். ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியை வழக்கமாக 22 டிகிரியில் வளர்க்கிறார்கள். நமக்கு அது குளுகுளு அறை, அதற்கோ குளிர். சுண்டெலிக்குச் சுகமான சூடு சுமார் 30. குளிர் தாங்க, சூடு உண்டாக்குவதற்கென்றே உள்ள அதன் பழுப்புக் கொழுப்பு ஏற்கெனவே வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த நிலைமையில் எடுத்த கணக்கை அப்படியே மனிதனுக்குத் திருப்ப முடியாது என்று ஆராய்ச்சியாளர்களே எச்சரிக்கிறார்கள். மத்தியானம் 33 டிகிரியில் லோரியில் செம்பனைக் குலைகளை எண்ணி ஏற்றுகிறவன் உள்ளேயும் ஒரு அடுப்பு மூட்டினால் அந்தச் சூடு எங்கே போகும்?

மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளினிக் மருந்தகத்துக்குப் போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. அங்கிருந்த தமிழ்ப் பெண் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், பதிவான மருந்தா இருந்தா 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் நம்பர் இருக்கும். இதில் ஒன்றும் இல்லையே. எத்தனை சாப்பிட்டீங்க?"

"ஒன்றும் இல்லைம்மா."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நம்பர் இருந்தாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் அதைப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்தார். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு நான் மெட்ஃபார்மினை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். ராத்திரி மாத்திரையைப் பாதி நாள் மறந்தது அங்கேதான் அம்பலமானது. எலியைப் பற்றி மூன்று ராத்திரி படித்தவனுக்கு இது நினைவில்லை!

இனிப்பான பால் தேநீர் தே தாரிக்கை விட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினேன், முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது. சாயங்காலம் பழைய பால்மரக் காட்டுப் பாதையில் நடை. நான்கு மாதம் கழித்து 7.8. எடை 91. டாக்டர் இன்சுலின் பேச்சை எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

விற்றவனின் நம்பர் இப்போது அடிப்பதே இல்லை. 120 வெள்ளியை மச்சினனிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. தீபாவளிக்குத் தருகிறேன் என்கிறார்.