கிரீச்சிட்ட எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்: இரண்டு சனிக்கிழமை வேலை

கை பிரேக் லிவருக்குப் பதிலாக இருக்கும் பார்க்கிங் பிரேக் சுவிட்சை இழுத்தால் "ஊம்" என்று ஒரு சின்ன முனகல் கேட்டு நின்றுவிட வேண்டும். என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அந்த முனகல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, கடைசியில் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தத்தில் முடிய ஆரம்பித்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வேறு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். சத்தத்தைக் கேட்டதுமே மோட்டார் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றுவதற்கு முன் அது ஏன் இப்படிக் கத்துகிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்த பிரேக்கில் பரவலாக இரண்டு வகை. ஒன்றில், பின் சக்கரக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அது பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகைச் சுழற்றும். திருகின்மேல் நகரும் நட்டு பிஸ்டனைத் தள்ளி, உராய்வுக் கட்டையான பேடை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு அழுத்தும். இன்னொன்றில், வண்டிக்கு அடியில் ஒரே மோட்டார் யூனிட். அது இரண்டு கேபிள்களை இழுக்கும். கேபிளின் மறுமுனையில், பின் டிஸ்க்கின் நடுவே குவிந்திருக்கும் பகுதிக்குள், ஒரு சின்ன டிரம் பிரேக் இருக்கும். கேபிளை இழுத்தால் அதிலுள்ள ஷூ என்ற இரண்டு வளைந்த துண்டுகள் விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்தும். என் வண்டி இந்த இரண்டாம் வகை.

எந்த வகையானாலும் இறுக்கவும் தளர்த்தவும் மட்டும்தான் கரண்ட் வேண்டும். இறுகிய திருகு தானாகப் பின்னால் சுற்றாது; பேட்டரி இறங்கினாலும் பிடி விடாது. எப்போது நிறுத்துவது என்று மோட்டாருக்கு எப்படித் தெரிகிறது? கேலிப்பர் வகையில், இறுக இறுக மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும். அதைப் பார்த்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்தும். என் யூனிட்டில் கேபிளின் இழுவிசையை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது.

எனக்குப் பொறி தட்டியது இங்கேதான். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டால், கேபிளை எவ்வளவு இழுத்தாலும் விசை ஏறாது. மோட்டார் தன் எல்லை வரை ஓடித் திணறும். அப்படியென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது.

முதல் சனிக்கிழமை

சக்கரத்தைத் தூக்குவதற்கு முன் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் கியரை ‘பி’யில் (பார்க்) போட்டால் வண்டி நகராது என்பது நான்கு சக்கரமும் தரையில் இருக்கும் வரைதான். ‘பி’ பூட்டுவது கியர்பாக்ஸின் தண்டை. அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), நடு டிஃபரென்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி), அப்புறம் முன்னும் பின்னும் ஒவ்வொரு டிஃபரென்ஷியல். இவை பூட்டப்படாமல் இருக்கும்போது ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால், அது காற்றில் சுற்றும், மற்ற மூன்றும் உருண்டுவிடும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் தூக்கக்கூட வேண்டியதில்லை. ‘பி’க்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்திருப்பது பார்க்கிங் பிரேக் ஒன்றுதான். நான் செய்யப்போகும் வேலைக்கு அதையும் தளர்த்தியாக வேண்டும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைப்பது கூடவே கூடாது. பிரேக்கைத் தளர்த்தியதும் அதன் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே விரல் இருக்கும்போது யாராவது சுவிட்சைத் தொட்டால் ஷூ விரியும்.

கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, வலது டிஸ்க்கை உருவினேன். உள்ளே அடை அடையாகக் காய்ந்த சேறு. போன மழையில் ஒரு ஓடையைக் கடந்தபோது புகுந்தது அப்படியே தங்கிவிட்டது. ஷூவின்மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயவில்லை, ஆனால் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது. இரண்டு ஷூவுக்கும் நடுவில் இருந்து இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. திருப்புளியால் நெம்பினால் பல் உடைந்துவிடும் போலிருந்ததால், அட்ஜஸ்டரையே வெளியே எடுத்து ஊறப் போட்டேன். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை

ஊறிய அட்ஜஸ்டர் கையாலேயே சுழன்றது. மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் லேசாகப் பூசினேன். லைனிங்கில் கிரீஸ் ஒரு துளி பட்டாலும் ஷூ வீண். அதனால் விரலைத் துடைத்துத் துடைத்துத்தான் வேலை. சேற்றையும் தூசியையும் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தேன். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். வழவழப்பை உப்புத்தாளால் எடுத்தேன்.

டிஸ்க்கை மாட்டி, அதிலிருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கினால் ஒரு துளை. அதன் வழியே திருப்புளியை விட்டு, டிஸ்க் கையால் சுற்ற முடியாத அளவுக்குப் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூவை விரிக்க வேண்டும். பிறகு கையேடு சொல்லும் அளவுக்குப் பின்னால் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு ‘கிளிக்’ விரலில் தட்டும். டிஸ்க் இறுகும்வரை இடது பக்கம் 5 கிளிக் போனது. வலது பக்கம் 14. ஒரே யூனிட் இழுக்கும் இரண்டு கேபிள்களில் இத்தனை வித்தியாசம்! கத்தாமல் என்ன செய்யும்?

ஃபியூஸைப் போட்டு, சுவிட்சை நாலைந்து தடவை இழுத்து விட்டேன். முதல் தடவை கொஞ்சம் நீளமாக, அப்புறம் சின்ன "ஊம்". விளக்கு அணைந்தது. மனசுக்கு அவ்வளவு நிறைவு.

ஷூ முழுமையாகப் படிய வேண்டும் அல்லவா? ஓடும்போது சுவிட்சை இழுத்தால் பெரும்பாலான வண்டிகளில் ஹைட்ராலிக் பிரேக்தான் வேலை செய்யும், ஷூ உரசாது. அதனால் கால் பிரேக்கையும் சுவிட்சையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தி, படிய வைக்கும் முறைக்குள் போக வேண்டும். என் கையேட்டின்படி 30-35 கி.மீ. வேகத்திலிருந்து 10 முறை நிறுத்த வேண்டும், நடுவே 500 மீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத தனிப் பாதையில் செய்து முடித்தேன்.

ஐ.நா.வின் 13-எச் விதிப்படி, காரின் பார்க்கிங் பிரேக் முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். நான் அவ்வளவு செங்குத்தில் போகவில்லை. நல்ல ஏற்றம் ஒன்றில் கியரை நியூட்ரலில் போட்டு, காலை பெடலுக்கு மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன். அசையவில்லை.

இதைக் கேள்விப்பட்டுத் தெரிந்த தம்பி ஒருவர் அழைத்தார். "அண்ணா, பின் பேட் மாத்துறேன், பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேங்குது." அவருடையது கேலிப்பரில் மோட்டார் உள்ள வண்டி. "அழுத்தாதீங்க, அப்படியே விடுங்க" என்றேன். பிரேக் தளர்ந்தாலும் நட்டு பிஸ்டனுக்குச் சற்றுப் பின்னால்தான் நிற்கும். சர்வீஸ் நிலைக்கு மாற்றி நட்டை முழுதாகப் பின்வாங்கச் செய்யாமல் சி-கிளாம்ப் என்ற திருகுப் பிடியால் அழுத்தினால் உள்ளிருக்கும் பல்லும் திருகும் போய்விடும். சில வண்டிகளில் சுவிட்ச் வரிசையாலேயே இது முடியும், பலவற்றுக்கு வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வேண்டும். மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பின்னால் ஓட்டும் குறுக்குவழி எனக்கு உடன்பாடில்லை. எங்கே நிறுத்துவது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, திருகு கடைசியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அவர் ஸ்கேனர் வாங்கிவந்து செய்தார், பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மோட்டாரைக் கழற்றியிருந்தால் அதன் ஓ-ரிங்கையும் பார்க்கச் சொன்னேன். தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு அந்த வளையம்தான் காவல்.

இப்போது தினமும் நிறுத்தும்போது கால் பிரேக்கை விடாமலே முதலில் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, அப்புறம் ‘பி’க்குப் போகிறேன், வண்டியின் கனம் கியர்பாக்ஸ் பூட்டின்மேல் விழுவதில்லை. கிளிக் எண்ணிக்கையைச் சர்வீஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஓடையில் இறங்கி ஏறியதும் வலது டிஸ்க்கைத்தான் முதலில் உருவிப் பார்ப்பேன்.