சிவகங்கே மலைக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு

சிவகங்கை போயிட்டு வந்தோம்னு சொன்னா சொந்தக்காரங்க எல்லாம் மதுரை பக்கம்னு நினைச்சுக்கறாங்க. அது இல்லங்க, இது பெங்களூர்ல இருந்து துமகூர் ரோட்டுல போய் தாபஸ்பேட்டைல திரும்பணும், தட்சிண காசினு சொல்ற சிவகங்கே. நாங்க அல்சூர்ல இருந்து இருட்டுலயே கிளம்பிட்டோம், லேட் பண்ணா யஷ்வந்த்பூர் டிராஃபிக்ல மாட்டிக்குவோம்.

மலைக்கு புராணப் பேரு ககுத்கிரி, அதாவது காளையோட திமில். கிழக்கே இருந்து பார்த்தா காளை, மேற்கே பிள்ளையார், தெற்கே லிங்கம், வடக்கே படமெடுத்த பாம்புனு சொல்லுவாங்க. நாங்க வந்தது வடக்குப் பக்கம், எனக்கு வெறும் பாறைதான் தெரிஞ்சுது, அத்தை “கண்ண இடுக்கிப் பாரு, தெரியுதா இல்லையா”னு அதட்டினதும் தெரியுதுனு சொல்லிட்டேன். எனக்கு என்ன தோணுதுன்னா, தூரத்துல நின்னு பார்த்தவங்களுக்கு திமிலாவும் பாம்பாவும் தெரிஞ்சுது, கஷ்டப்பட்டு ஏறினவங்களுக்கு அந்த வறண்ட பாறைக்குள்ள தண்ணி கெடைச்சுது, லிங்கம் மாதிரி மலை, அதுல கங்கை, அந்தப் பேருதான் நின்னுடுச்சு.

கீழ குகைக்குள்ள கங்காதரேஸ்வரர். நெய் வாங்கிக் குடுத்தா அர்ச்சகர் லிங்கத்து மேல வெச்சுத் தேய்க்கறார், கண்ணு முன்னாடியே வெண்ணெய் மாதிரி வெள்ளையா திரண்டு வருது, அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, நான் நகராம பார்த்துட்டே நின்னேன்.

அதுக்கு மேல ஒளகல் தீர்த்தம். பாறைல உரல் மாதிரி ஒரு குழி, குனிஞ்சு தோள் வரைக்கும் கைய விடணும், தண்ணி கைக்கு எட்டினா நினைச்சது நடக்கும்னு நம்பிக்கை. எனக்கு விரல் நுனில சில்லுனு பட்டுச்சு, என்ன வேண்டிக்கிட்டேன்னு கேக்காதீங்க.

இங்க இருக்கற படி எத்தனையோ, காசிக்கு அத்தனை யோஜனை (அந்தக் காலத்து தூர அளவு) தூரமாம், அதனால ஏறி முடிச்சா காசிக்குப் போன புண்ணியம்னு ஐதீகம். கடைசிப் பக்கம் பாறைலயே வெட்டின படி, கம்பியப் புடிச்சுட்டுதான் ஏறணும், மேல ஒரே பாறைல நந்தி. ஹொய்சள ராஜா விஷ்ணுவர்தனோட ராணி சாந்தலா 1131ல உயிர விட்டது இந்த மலைலதான்னு கல்வெட்டு இருக்கு.

மகர சங்கராந்திக்கு கங்காதரேஸ்வரருக்கும் ஹொன்னாதேவிக்கும் கல்யாணம், அன்னிக்கு கூட்டம் தாங்காது. வயசானவங்கள கூட்டிட்டுப் போறதுனா வேற நாள் பாருங்க, கைல பிளாஸ்டிக் கவர் வேணாம், குரங்கு புடுங்கிட்டுப் போயிடும்.