பிளஸ் ஒன் எந்தப் பள்ளியில்? முடிவை யார் எடுப்பது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், என் போனுக்கு ஓய்வு கிடையாது. பெரம்பூரில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் "அக்கா" என்பார்கள், பெற்றோர் "டீச்சர்" என்பார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "பிளஸ் ஒன்னுக்கு எந்த ஸ்கூல்ல சேக்கலாம்?" கேட்பது அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கும். பிள்ளை பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் சொல்வது இதைத்தான். எவ்வளவு செலவு செய்ய முடியும், எவ்வளவு தூரம் அனுப்ப முடியும் என்பதைப் பெற்றோர் சொல்லிவிடட்டும். அதற்குள் அடங்கும் பள்ளிகளில் எது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். தன் வகுப்பில் எந்த சார் நடத்தினால் புரிகிறது, யார் நடத்தினால் தூக்கம் வருகிறது என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். மதிப்பெண் பட்டியலில் அது வராது.

பள்ளியை முடிவு செய்யும் முன் குரூப்பை, அதாவது பாடப் பிரிவை, முடிவு செய்யுங்கள். இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதிக் குழப்பம். "அந்த ஸ்கூல் கிடைச்சிருச்சு, அங்க காமர்ஸ்தான் காலியா இருக்காம், பரவாயில்ல" என்று சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டு பி.இ. கனவு காண முடியாது. மருத்துவம் வேண்டுமென்றால் உயிரியல் வேண்டும். இரண்டும் திறந்திருக்கட்டும் என்று நினைப்பவர்கள் உயிரியலும் கணக்கும் சேர்ந்த பயோ-மேக்ஸ் எடுக்கிறார்கள், பளு அதிகம்தான். கணக்கைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளையை "ஃபர்ஸ்ட் குரூப்தான் கெளரவம்" என்று அதில் தள்ளாதீர்கள். என்னிடம் டியூஷனுக்கு வருகிறவர்களில் இப்படித் தள்ளப்பட்டவர்கள்தான் அதிகம். எனக்கு அது வருமானம், ஆனாலும் சொல்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தபோது பிளஸ் டூ 1200 மதிப்பெண்ணுக்கு. பத்தாவது வரை மாநகராட்சிப் பள்ளி. நல்ல மார்க் வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய தனியார் பள்ளியில் கட்டணத்தில் சலுகை தருவதாகச் சொல்லி ஆளே வீட்டுக்கு வந்தார்கள். "இவ்ளோ மார்க்கு வாங்கிட்டு எதுக்கும்மா கவர்மென்ட் ஸ்கூலு?" என்றார் அப்பா. "நானே போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்ப்பா" என்று கேட்டு, அந்தத் தனியார் பள்ளிக்கும் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கும் அம்மாவோடு போனேன். தனியார் பள்ளியில் வரவேற்பறை குளுகுளுவென்று இருந்தது, டாப்பர்களின் படம் சுவர் முழுக்க. வேதியியல் லேபைக் காட்டச் சொன்னேன். சாவி இல்லை என்றார்கள். அரசுப் பள்ளி லேபில் மேசை ஓரமெல்லாம் அமிலம் பட்டு அரித்திருந்தது, தொட்டியில் மஞ்சளாகக் கறை, ப்யூரெட் ஸ்டாண்டில் ஒன்று சாய்ந்து நின்றது. ஆனால் அன்று காலையில் யாரோ டைட்ரேஷன் செய்திருந்தது தெரிந்தது, கோனிக்கல் ஃபிளாஸ்க்கில் இளஞ்சிவப்பு இன்னும் போகவில்லை. நான் அங்கேதான் சேர்ந்தேன். அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு பள்ளியில் எனக்கு சைக்கிள் கொடுத்தபோது சரியாகிவிட்டார்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று இந்த முடிவில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பல பெற்றோருக்கு அது தெரியவே இல்லை. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளப் படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். இப்படி இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. "எய்டடும் கவர்மென்ட்தானே டீச்சர்" என்பார்கள். சம்பளம் அரசு கொடுக்கிறது, பள்ளி அரசுடையதல்ல.

இப்போது யோசியுங்கள். 460 மார்க் வாங்கிய ஓட்டேரிப் பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளி "ஃபீஸ் பாதி" என்று கூப்பிடுகிறது. பெற்றோருக்கு அது பெருமை. அந்தப் பிள்ளை மாறிய அன்றே 7.5 சதவீதம் போயிற்று. உயர்கல்வியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பள்ளியைப் பொறுத்தவைதான். அவை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உரியவை. தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறினால் இன்னொன்றும் கைவிட்டுப் போகும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரை இடையில் வழி மாறாமல் படித்திருக்க வேண்டும்.

அதற்காக யாரும் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால், 7.5 சதவீதத்தை நம்பி இரண்டு வருஷத்தை வீணாக்க முடியாது. அப்போதும் தனியாருக்குப் போகும் முன் வேறொரு அரசுப் பள்ளியைத் தேடுங்கள். சென்னையில் அந்த வசதி இருக்கிறது. எழும்பூர் பிரசிடென்சி, திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன், அசோக் நகர் மகளிர் பள்ளி என்று பேர் சொல்லும் அரசுப் பள்ளிகள் உண்டு. "சென்னை மேல்நிலைப் பள்ளி" என்று பலகை வைத்த மாநகராட்சிப் பள்ளிகள் பல பேட்டைகளில் உண்டு. முடிவு எதுவானாலும் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும், அந்தக் கணக்கைப் பிள்ளைக்கும் காட்ட வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் இங்கயே இருக்கேன்க்கா, டியூஷன் மட்டும் வெச்சிக்கறேன்" என்றான். இன்னொருத்தி எல்லாம் தெரிந்துதான் தனியாருக்குப் போனாள், அவளுக்கு சி.ஏ. படிக்க வேண்டும், 7.5 சதவீதம் அவளுக்கு எதற்கு? இரண்டுமே சரிதான்.

பள்ளிக்குப் போய்ப் பார்க்கும்போது என்ன கேட்பது? முதல் கேள்வி: பிளஸ் ஒன் பாடம் நடத்துகிறீர்களா? அலுவலகத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டே "ஆமா" என்பார்கள். பிளஸ் டூ மாணவர்களிடம் கேளுங்கள். மாலையில் பள்ளி விட்ட பிறகு கேட் எதிரே மாங்காய் பத்தை விற்கும் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். பிள்ளையை விட்டே கேட்கச் சொல்லுங்கள், அப்பா போய்க் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "லெவன்த் போர்ஷன் எப்ப முடிச்சாங்க, டுவெல்த் எப்ப ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டால் போதும். தீபாவளிக்கு முன்னாலேயே பிளஸ் டூ ஆரம்பித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னால், அங்கே பிளஸ் ஒன் புத்தகம் பாதி திறக்கப்படவில்லை என்று அர்த்தம்.

இது சின்ன விஷயமில்லை. பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்து இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்த தனியார் பள்ளிகளால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே கொண்டுவந்தார்கள். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளை பிராய்லர் பள்ளி என்று கிண்டல் செய்த காலம் நினைவிருக்கும். சென்னையிலிருந்தும் பிள்ளைகளை மூட்டை கட்டி அங்கே அனுப்பினார்கள். இப்போது மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் குதிக்கிற பழக்கம் உள்ள பள்ளிக்குக் கதவு மறுபடி திறந்திருக்கிறது. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் கணிசமாக வருகிறது. கல்லூரி முதல் வருஷத்தில் கால்குலஸைப் பார்த்து முழிக்கும் பிள்ளைகளில் பலருக்கும் கோளாறு பிளஸ் ஒன்னில்தான்.

இரண்டாவது, உங்கள் குரூப்பின் முக்கியப் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை வருஷமாக இருக்கிறார்? தனியாரில் வருஷா வருஷம் ஆள் மாறும் பள்ளி உண்டு. மூன்றாவது, பெண் பிள்ளைகள் அவசியம் கழிவறையைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். தண்ணீரே குடிக்காமல் காலை எட்டு மணியிலிருந்து ஸ்பெஷல் கிளாஸ் முடியும்வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கட்டணம்: 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை என்ன என்று கேட்டு, ரசீது அதற்குத்தானா என்று பாருங்கள். "இன்டகிரேட்டட்" கோச்சிங் என்று தனியாக வாங்கினால் அது கட்டாயமா என்று எழுத்தில் கேளுங்கள். யூனிஃபார்ம், ஷூ, ஆண்டு விழா இதெல்லாம் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தூரத்தை கூகுள் மேப்பில் பார்க்காதீர்கள். காலை ஏழரைக்கு 29சி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், பிள்ளையோடு. புரசைவாக்கம் தாண்டுவதற்குள் பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ் பாஸ் இலவசம். ஆனால் நேரம் இலவசமில்லை. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் திறக்கத் தெம்பு இருக்காது. நவம்பர் மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்த ஒரு மணி இரண்டு மணியாகும்.

"என் ஃபிரண்டு அங்க சேர்றா, நானும் அங்கதான்" என்று பிள்ளை சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. குரூப்பைத் தோழிக்காக எடுப்பது தப்புதான். பள்ளியைத் தோழிக்காக எடுப்பது அவ்வளவு தப்பில்லை. மாலை ஆறரைக்கு இருட்டில் வியாசர்பாடிக்குத் திரும்பும் பெண்ணுக்கு பஸ் ஸ்டாப்பில் கூட நிற்க ஒருத்தி இருப்பது பெரிய விஷயம். அந்தத் துணை இல்லாததாலேயே ஸ்பெஷல் கிளாஸுக்கு நிற்காமல் ஓடிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் மார்க் வந்தவர்களுக்கு, 500-க்கு 270 வாங்கினவனுக்கு என்ன தேர்வு இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம். பிளஸ் டூ ரிசல்ட் அழகாக இருக்க வேண்டும் என்று தன் பள்ளியில் பத்து வருஷம் படித்த பிள்ளைக்கே "வேற இடம் பாருங்க" என்று டிசியை (மாற்றுச் சான்றிதழை) நீட்டிய பள்ளியையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கும் கேட்க உரிமை உண்டு, என்ன வேண்டும் என்று. அவன் கை வேலையில் கெட்டி. பாலிடெக்னிக் போகிறேன் என்றான், வீட்டில் அதை அவமானமாக நினைத்தார்கள். பத்தாவது முடித்து மூன்று வருஷ டிப்ளமோ, அதன்பிறகு பி.இ. நேரடியாக இரண்டாம் ஆண்டு. தரமணி மத்திய பாலிடெக்னிக்கும் பெண்களுக்கு அதே தரமணியில் டாக்டர் தர்மாம்பாள் பாலிடெக்னிக்கும் அரசுடையவை. கிண்டி, அம்பத்தூர் ஐ.டி.ஐ.களும் இருக்கின்றன. பிளஸ் ஒன்தான் ஒரே வழி என்று பிடிவாதம் பிடிப்பது பெற்றோர்தான், பிள்ளைகள் இல்லை.

கடைசியாக டிசி விஷயம். புதுப் பள்ளியில் இடம் உறுதி என்று தெரியும்வரை பழைய பள்ளியில் டிசி வாங்காதீர்கள். வாங்கிய டிசி, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரிஜினலைக் கொடுக்கும் முன் மூன்று ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எமிஸ் எண்ணைத் தனியே குறித்து வையுங்கள். ஃபீஸ் பாக்கி என்று டிசியைப் பிடித்து வைத்தால் பயப்பட வேண்டாம், பாக்கியை வசூலிக்க டிசியைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சேர்ந்து இரண்டு வாரத்தில் "இங்க எனக்கு ஒத்துவரலைம்மா" என்று பிள்ளை சொன்னால் "நீதானே செலக்ட் பண்ண" என்று குத்திக்காட்டாமல் ஜூன் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். பாடம் அப்போது முதல் அத்தியாயத்தைத் தாண்டியிருக்காது.